சுவரோரச் சிவப்புப் புள்ளிகள்

திங்கட்கிழமை பிரேயர் முடிந்தும் எங்களைக் கலையச் சொல்லவில்லை. கோமதி மிஸ் முந்தைய நாள் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னார். பெங்காலிப் பிள்ளைகளுக்கு அவர் கோமதிதி, அதாவது கோமதி அக்கா. கொல்கத்தாவில் இந்தத் தமிழ் மலரைப் படிக்கும் நமக்குக் கோமதி மிஸ்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குப் புவியியல் எடுத்தார். “ஊரை எப்படிக் கட்டுறோமோ அப்படித்தான் உடம்பும் இருக்கும்” என்பார். வகுப்பில் பாதிப் பேர் அப்பாவின் ஆபீஸ் ஊழியர்கள் குடியிருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்பதால், மழை விட்டதும் குவார்ட்டர்ஸையே பாடமாக்கினார். ஒரு டிரேசிங் தாளில் வீடுகள், குழாய், சாக்கடை, சுற்றுச்சுவர். இன்னொன்றில் மலேரியா வந்த வீடுகளுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி. ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.

“எல்லாமே சுவரோரம்!” என்று மௌஷுமி பெங்காலியில் கத்தினாள்.

புதிதாகக் கட்டிய அந்தச் சுவர் சாக்கடையின் வழியை அடைத்து, கொசு பெருகும்படி தண்ணீரைத் தேக்கியிருந்தது. வகுப்பு கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. சுவரைக் கட்டிய ஜூனியர் இன்ஜினியர் என் அப்பா.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸுக்கு மனு அனுப்புவதென்று முடிவானது. அன்று மாலை மிஸ் என்னோடு வீட்டுக்கே வந்தார்.

“படம் வரைஞ்சு காட்டினா சுவரை இடிச்சிடுவாங்களா டீச்சர்?” என்று அப்பா சிரித்தார்.

“இடிக்க வேணாம் சார். அடியில ஒரு பைப் போடுங்க, தண்ணி போயிடும்.”

“போட்டா, ஏன் முதல்லயே போடலைன்னு கேப்பாங்க. ஃபைல் என் தலையிலதான் விழும். உங்களுக்கென்ன, சாக்பீஸ் உடைஞ்சா வேற எடுப்பீங்க.”

“அதையும் எண்ணித்தான் குடுக்கறாங்க சார்.”

அப்பா மறுபடி சிரிக்கவில்லை. உள்ளறையில் என் தங்கை காய்ச்சலில் முனகியது மூவருக்கும் கேட்டது.

படியிறங்கும்போது மிஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “மனுவுல நீ கையெழுத்துப் போட வேணாம். நீ இந்த வீட்டுல இருந்தாகணும்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் பெயர் இல்லாமலே மனு போனது. பதில் வரவில்லை. மிஸ் என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. முன்போலவே கேள்வி கேட்டார், முன்போலவே திட்டினார்.

காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தால் எந்த டாக்டரிடம் போனாய் என்று அவர் கேட்கமாட்டார். “வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?” என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.

தங்கைக்கு மறுபடியும் காய்ச்சல். நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம் மிஸ்ஸின் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “கொசு வருது” என்று பின்பக்க ஜன்னலைச் சாத்தினார்.