கோச்சடை மண்டபத்தில் எங்கள் சொந்தப் பாட்டு

எங்கள் பேண்டுக்கு ஒரு பெயர் உண்டு. நாங்களே தேடித் தேடி வைத்தது. அதை இதுவரை வேறு யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. போனில் பேசுகிறவர்கள் "கச்சேரி பண்றவங்களா?" என்பார்கள். மண்டபத்துக்குள் நுழைந்தால் "பாட்டுக்காரங்க வந்தாச்சு, அவங்களுக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் காட்டுங்கப்பா" என்பார்கள்.

மூன்றே பேர்தான். நான் கீபோர்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். ரிதம் பேட் வாசிக்கிற தம்பி கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறான். கண்ணில் பட்டவர்களையெல்லாம் மாப்ள என்று கூப்பிடுவான், என்னை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்திருக்கிறான். பாடுகிறவர் எழுமலைப் பக்கத்துக்காரர். ஒத்தக்கடையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல குரல், பொல்லாத கூச்சம். மைக்கைப் பிடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார், பாட்டு முடிந்தால்தான் திறப்பார்.

வாய்ப்பு வருவது பெரும்பாலும் மண்டபத்து மேனேஜர் மூலமாக, இல்லையென்றால் கல்யாண போட்டோகிராபர் மூலமாக. முதல் கேள்வி ஒன்றேதான். "டான்ஸ் ஆடுற பிள்ளைங்க உண்டா?" இல்லை என்றால் பாதிப்பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப்பேர், "செண்டை மேளம் சொல்லிருக்கோம், அவங்க ஓயுறப்ப நீங்க வாசிங்க" என்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்தில் முதல் சரணம் பாடிக்கொண்டிருக்கும்போதே தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்துவிட்டது. சீர் வந்தால் வேறெதுவும் ஒலிக்கக் கூடாது. நிறுத்தினோம். ஆட்டுக்கிடாய், வெடி, தட்டு தட்டாய்ப் பழம் எல்லாம் உள்ளே வந்து முடித்தபோது சனம் பந்திக்குப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்குக் கீபோர்டை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அது என் சொந்தக் கீபோர்டாகப் போய்விட்டது.

சொந்தப் பாட்டு பாடலாமா என்று கேட்டால் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பதில். "அதெல்லாம் எதுக்குங்க? ஜனங்களுக்குத் தெரிஞ்சதாப் பாடுங்க."

எங்களிடம் சொந்தப் பாட்டுகள் இருந்தன. அதில் ஒன்று பாடகர் தன் மனைவிக்காக எழுதியது. அந்தப் பெண்ணுக்கு டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை. காலையில் உள்ளே போனால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆளில்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. பாட்டும் அதைத்தான் சொல்கிறது. "சேலையெல்லாம் மடிச்சாச்சு, செத்த நேரம் உக்காரு" என்று ஆரம்பிக்கும். பெரிய கவித்துவமெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒத்திகையில் அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கலாம் என்பேன்.

அந்தப் பாட்டை அவள் கேட்டதே இல்லை.

"வீட்டுல பாடிக் காட்டிர வேண்டியதுதானே?" என்றேன் ஒருநாள்.

"அது எப்படி டீச்சர்? அடுப்படியில நிக்கிறவகிட்டப் போயி உக்காருன்னு பாடுனா கரண்டிய எடுத்துக்கிட்டு வருவா. அவ ஒரு சேர்ல உக்காந்திருக்கணும். நான் மேடையில நின்னு பாடணும். ஒரு தடவ போதும்."

அவர் எங்களிடம் கேட்டதே அது ஒன்றுதான். ஆனால் கச்சேரி இருக்கிற முகூர்த்த நாளில் ஜவுளிக்கடைக்கும் கூட்டம். அவளுக்கு லீவு கிடைக்காது. லீவு கிடைக்கிற நாளில் எங்களை எவரும் கூப்பிடுவதில்லை.

கோச்சடையில் அந்த ரிசப்ஷன் வந்தபோதுதான் இரண்டும் ஒன்றாகக் கூடி வந்தன. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் லீவு வாங்கியிருந்தாள். பாடகர் புதுச்சட்டை போட்டு வந்தார். நம்ம சர்ச் ஆட்கள் வீட்டுக் கல்யாணம்தானே, ஒரு பாட்டுக்கு நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று நானும் பெரிதாகச் சொல்லியிருந்தேன்.

மணப்பெண்ணின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். "டீச்சர், ஐயா சாப்பிட்டுக் கிளம்புற வரைக்கும் சினிமாப் பாட்டு வேண்டாம். ஞானப்பாட்டு மெட்டா மெதுவா வாசிச்சுக்கிட்டே இருங்க." ஐயா என்றால் எங்கள் சர்ச் ஆயர். அவரோ சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. மணமக்களோடு போட்டோவுக்கு நின்று, பழைய ஆட்களோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஆர்கன் டோனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞானப்பாட்டாக உருட்டிக்கொண்டிருந்தேன். பாடகர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கடைசி வரிசையில் அவர் மனைவி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒத்தக்கடை பஸ் போய்விடுமே என்று அடிக்கடி வாசலைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கிளம்பிவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் அப்பா வேண்டாமென்றது சினிமாப் பாட்டை. இது எந்தப் படத்திலும் வரவில்லையே! பாடகரைப் பார்த்து மைக்கைக் காட்டினேன்.

"இப்பவா?" என்றார்.

"இப்பத்தான். வாங்க."

அவசரத்தில் டோனை மாற்றவில்லை. பாட்டின் முதல் வரியை ஆர்கனில் நிதானமாக வாசித்துவிட்டு, அவர் மூச்சு எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தினேன். எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஆர்கன் ஒரு வரி வாசித்து நின்றால் சபை எழுந்து நிற்கும். மைக் முன்னால் அவர் கண்ணை மூடி நின்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்து அந்த வரிசை முழுக்க எழுந்தது. ஆயர் கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"மாப்ள, சனம் பூராம் எந்திரிக்குதுடா!" என்றான் பேட்காரத் தம்பி, பதறிப்போய். கண்ணை மூடியிருந்தவருக்கு என்ன தெரியும்? பாட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது வரியிலேயே சிலருக்குப் புரிந்துவிட்டது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆயர் நிற்கும்போது யார் முதலில் உட்காருவது? நின்றார்கள். ஆயரும் நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். சரணம் வந்தபோது மண்டபத்தில் பேச்சே இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அத்தனை வருடம் ஊர் ஊராக அலைந்ததில், எங்கள் பாட்டை ஒரு மண்டபம் முழுக்கக் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசி வரி முடிந்து நான் கையை எடுத்ததும் மண்டபமே சேர்ந்து "ஆமென்" என்றது. பாடகர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, நான் கடைசி வரிசைக்குப் போனேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முகமெல்லாம் சிவந்து, சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு எப்படி என்று கேட்டேன்.

"எல்லாரும் எந்திரிக்கவும் நானும் எந்திரிக்கப் போனேன் டீச்சர். அதுக்குள்ள அவரு உக்காருன்னுட்டாரு. உக்காந்துட்டேன்."