மாட்டுக்கொட்டகை என்று சொன்ன வீடு

சின்னத்தாயி வாய் திறந்து பேசுகிறவள் அல்ல. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கர் வேலை. பிசிறு கண்ணில் பட்டால் சட்டையைத் தள்ளி வைப்பாளே தவிர, தைத்தவளை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வாடகை வீட்டு ஓனரம்மா பாதிக் குளியலில் மோட்டாரை நிறுத்தினாலும் சோப்பு நுரையோடு பேசாமல் நிற்பாள். அப்படி நின்ற நாட்களில்தான் சொந்த வீட்டு ஆசை வந்தது.

புருஷன் எத்திராஜ் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். இருவரும் சேர்ந்து நகரத்துக்கு வெளியே ராகி வயல்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அது விவசாயத்துக்கென்று ஒதுக்கிய கிரீன் பெல்ட். பயிர் வைக்கலாம், மாட்டுக்கொட்டகை போடலாம். குடித்தனத்துக்கு வீடு கட்டக்கூடாது.

நிலத்தை முடித்துக்கொடுத்த புரோக்கர் சந்திரன் சிரித்தான்.

"இதுக்கா அக்கா மூஞ்சி வாடிப்போச்சு? கொட்டாய்னு சொல்லிக் கட்டு. உள்ள நீ படுக்கிறியா, மாடு படுக்குதான்னு எவன் வந்து பாக்கப்போறான்? இந்த லைன்ல அல்லாரும் அப்படித்தான்."

அப்படியே கட்டினார்கள். ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட், மாடு நுழையும் அகலத்தில் கதவு. மேஸ்திரி தரையைச் சரிவாகப் போட்டு, மூத்திரம் ஓட நடுவில் ஒரு வாய்க்காலும் விட்டார். அந்த வாய்க்காலின் மேல்தான் கட்டில் போட வேண்டியிருந்தது. தீவனத் தொட்டியில் சின்னத்தாயி துணி துவைத்தாள். கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்து வயல் கௌடர் தன் பசுவை ஓட்டிவந்தார்.

"மத்த வூட்ல பசு உள்ள வந்தா சாமி. நம்ம வூட்ல அது சாட்சிமே" என்றான் எத்திராஜ்.

ஒரு மழைக்காலம் நிம்மதியாகப் போனது. பிறகு சேதி வந்தது: சர்வேக்கு வருகிறார்கள், வீடு என்று தெரிந்தால் இடிப்பார்கள். கட்டில், கேஸ் அடுப்பு, சாமி படம் எல்லாம் கௌடரின் கிடங்குக்குப் போயின. வைக்கோல் பரப்பிப் பசுவைக் கட்டினார்கள். சாணிகூட கூடையில் கொண்டுவந்து கொட்டியாயிற்று.

சர்வே வந்த நாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் சின்னத்தாயியின் கை தன்பாட்டுக்கு வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டது.

வந்த அதிகாரி வயதானவர், கத்தவில்லை. படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனம்மா, உங்க மாடு வெள்ளிக்கிழமெ பூஜெ எல்லாம் பண்ணுமா?" என்றார் கன்னடம் கலந்த தமிழில். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பசு லட்சுமி இல்லியா சார், அதான்..." என்று எத்திராஜ் இழுத்தான்.

"நீ சும்மா இரப்பா. அந்தம்மா சொல்லட்டும்." அதிகாரி சின்னத்தாயியின் பக்கம் திரும்பினார். "மனெ, வீடுன்னு சொன்னா இன்னிக்கே ஜேசிபி வரும். கொட்டிகெ, மாட்டுக்கொட்டாய்னு சொன்னா சுவர் நிக்கும். ஆனா மாடுதான் இருக்கணும். நான் திரும்ப வருவேன். பாய், தலைகாணி கண்ல பட்டா அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது. சொல்லும்மா, இது என்ன?"

இரண்டு வீடு தள்ளி ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஒரு பெண் கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தாள். சின்னத்தாயி சுவரைப் பார்த்தாள். கண் எரிய உட்கார்ந்த ஓவர்டைம் எல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது.

"கொட்டாய் சார்" என்றாள்.

"யார் இருக்காங்க?"

"மாடு சார்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே பொம்மனஹள்ளியில் ஒரு வாடகை அறைக்குத் திரும்பினார்கள். கௌடரின் பசு அங்கேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயி கிளம்பியபோது எத்திராஜ் எழுந்திருக்கவில்லை. "இன்னாத்துக்குமே? மாட்டப் பாக்கவா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

தனியாகப் போனாள். கட்டில் கிடந்த இடத்தில் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"மனெ சென்னாகிதெ, தாயி. வீடு நல்லாயிருக்கு" என்றார் கௌடர், நல்லெண்ணத்தோடுதான். "காத்து நல்லா வருது. பால்கூட ஜாஸ்தி ஆயிடுச்சு."

சின்னத்தாயி தலையை ஆட்டினாள். சாணியை வாரி வெளியே கொட்டினாள். கௌடரிடம் வாளி வாங்கித் தரையைத் தேய்த்துக் கழுவினாள். பசு நகரவில்லை. அதைத் தட்டி எழுப்ப மனம் வராமல், சுற்றியே கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கௌடரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.