ஒடித்தாலும் திரும்பாத கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் ஸ்டியரிங் ஒருவர் கையில் இருக்கும், உயிர்பயம் பக்கத்து சீட்டில் இருக்கும். அந்த சீட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் எனக்கு அதுதான் பிழைப்பு. என்னிடம் படித்தவர்களில் நேமத்தான்பட்டி விசாலாட்சி ஆச்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆச்சிக்கு வந்த ரோசம்

ஆச்சியின் கணவருக்குப் பினாங்கில் கடை. வீட்டில் நின்ற அம்பாஸடருக்கு டிரைவர் இல்லாமல் போனதும், தை மாதம் ஊருக்கு வரும்போது அதை விற்றுவிடப்போவதாகச் சொல்லியனுப்பினார் செட்டியார். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக இன்னொருவர் தயவை எதிர்பார்ப்பது ஆச்சிக்கு ஆகவே ஆகாது. நானே ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டால் விற்கக்கூடாது என்று ஆச்சியிடமிருந்து பதில் போயிற்று. எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியத்தில் செட்டியாரும் ஒப்புக்கொண்டார்.

"அவுக வர்றதுக்குள்ள எனக்கு லைசென்ஸ் வேணும் தம்பி, அம்புட்டுத்தான்" என்றார் ஆச்சி.

கண்மாய்க்கரை வளைவு

கிளட்ச், கியர் எல்லாம் சீக்கிரமே பிடிபட்டன. வேகமும் பிடிபட்டதுதான் வினை. சரளைக்கல் பரப்பிய கண்மாய்க்கரை வளைவில் விரட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பதறிப்போய் இன்னும் ஒடித்தார். கார் நேரே போய்க் கருவேலம் புதரில் மூக்கை நுழைத்து நின்றது. ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"எங்க வீட்டுக்காரக மாதிரியே இருக்கு. தலையை மட்டும் நம்ம பக்கம் திருப்பிட்டு, அது பாட்டுக்கு நேராப் போகுதே."

வற்றிய கண்மாயில் பாடம்

இதற்கு 'அண்டர்ஸ்டியர்' என்று இங்கிலீஷில் பெயர் இருப்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அப்போது நாங்கள் 'முன்னாடி வழுக்குது' என்போம். ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும்தான் திருப்பும். காரைத் திருப்புவது டயர் தரையைப் பிடிக்கிற பிடி. வேகம் மிஞ்சினால் முன் டயருக்குப் பிடி போய்விடும். அப்புறம் ஒடிக்க ஒடிக்க இன்னும்தான் வழுக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும். ஒடித்ததில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் டயர் மறுபடி மண்ணைப் பிடிக்கும், காரும் திரும்பும்.

சொல்வது சுலபம். பயந்த கை ஒடிக்கத்தான் செய்யும். ஆகவே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் காரை இறக்கி, ஆடு மேய்ப்பவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தினமும் வழுக்கிப் பழகினோம். ஒருநாள் ஆச்சியின் கால் தானாக மேலே வந்தது, கார் பதவிசாகத் திரும்பியது. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கவில்லை, கைதட்டிவிட்டேன்.

"இறுக்கிப் புடிச்சா நழுவுது, விட்டுக்குடுத்தா வருது. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்ல?" என்று என்னையே கேட்டார்.

டிக்கியில் வெண்கலம்

பரீட்சை நாளன்றே கொத்தமங்கலத்தில் ஆச்சியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சீர்ச் சாமான் அத்தனையும் டிக்கியில் ஏற்றி வந்துவிட்டார். வெண்கலப் பானையும் அண்டாவுமாகப் பின்பக்கம் தரையைத் தொட, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. இந்தப் பாரத்தில் முன் டயருக்குப் பிடியே இருக்காது, இறக்கிவிடுவோம் என்று கெஞ்சினேன். நல்ல நேரத்தில் ஏற்றியதைக் கல்யாண வீட்டில்தான் இறக்கணும் என்று ஒரே பிடிவாதம்.

லைசென்ஸ் பரீட்சை வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறிக்கொண்டார். மைதானத்து மணல் திருப்பத்தில் நான் பயந்தது நடந்தது. ஆச்சி ஒடித்தார், கார் நேரே வேப்பமரத்தைப் பார்த்துப் போனது. இன்ஸ்பெக்டர் ஒடிக்கச் சொல்லிக் கத்துவது வெளியே நின்ற எனக்கே கேட்டது. லைசென்ஸும் போச்சு, காரும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் மரத்தைச் சுற்றிக்கொண்டு அமைதியாக வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார், டிக்கியைத் திறக்கச் சொன்னார், பானைகளை வெகுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கு லாரி லைசென்ஸே குடுக்கலாம் போலிருக்கே, ஆச்சி."

செட்டியார் வந்தார்

தையில் செட்டியாரை ஏற்றிக்கொண்டு ஆச்சி இளையாத்தங்குடி கோயிலுக்குப் புறப்பட்டார். துணைக்கு நான் பின் சீட்டில். ஒப்புக்கொண்டதை மறந்தவர்போல, காரை வாங்க ஆள் பார்த்தாயிற்று என்று வழியெல்லாம் செட்டியார் சொல்லிக்கொண்டே வந்தார். சரளை வளைவு வந்தது, கார் வழுக்கியது. செட்டியார் தாவி ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடிக்கப் போனார். ஆச்சி இடது கையால் அவர் கையைத் தட்டிவிட்டு, காலை எடுத்து, கொஞ்சம் விட்டு, திருப்பினார். கோயில் வாசலில் இறங்கியதும் செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல காரு. இதை விக்கணும்னு யாரு சொன்னது?"

முன் டயர் வழுக்கினால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஆச்சிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு கண்மாயே தேவைப்பட்டது, அதைச் செட்டியாருக்குப் புரியவைக்க ஆச்சிக்கு ஒரு வளைவு போதுமாயிருந்தது.