தேசம்மாவிடம் யாரும் பேசக் கூடாது

லாசர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் குப்பத்தில் அவர் பேச்சைத் தாண்டியவரும் கிடையாது. கட்டுமரத்தில் தனியாளாய்த் தொடங்கி, இரண்டு ஃபைபர் படகு, ஐஸ் வண்டி, மாடி வீடு என்று நிமிர்ந்தவர். "எனுக்கு எவன் கை குட்த்தான்? நானே ஏந்துட்டேன்" என்பதை அவர் வாயால் கேட்காத ஆள் அடையாறு முகத்துவாரம் முதல் பட்டினப்பாக்கம் வரை இல்லை.

அப்படிப்பட்டவர் மீன் சந்தையில் கதை கேட்க உட்கார்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

நந்தனத்தில் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஜெனிதா, லஸ் நடைபாதையில் வாங்கிய பழைய நாவல் ஒன்றைச் சனிக்கிழமை மதியங்களில் உரக்கப் படிப்பாள். மீன்காரப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். கதையில் ஒரு தெரு. குடிகாரன், கோள்மூட்டி, சண்டைக்காரி எல்லாரும் அங்கேதான். ஒருவன் பக்கத்து வீட்டுக் கல்யாண நகையையே திருடிவிட்டு, பிறகு காய்ச்சலில் விழுகிறான். அவனைத் திட்டாத வீடு இல்லை. அவனுக்குக் கஞ்சி கொண்டுபோகாத வீடும் இல்லை.

"பாவம்டி அவன்," என்று மூக்கைச் சிந்தினாள் லாசரின் மனைவி ஜான்சி.

"திருட்டுப் பயலுக்கு இன்னா பாவம்?" என்றார் லாசர்.

"அப்ப உன் கண்ணு ஏன் கலங்கிக்கினு கீது?"

"ஐஸ் தண்ணி தெறிச்சிச்சி."

பெண்கள் சிரித்தார்கள். லாசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில், நாலு கடை தள்ளி, தேசம்மா தனியாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மீன் பாதி அறுபட்டுக் கிடந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

குப்பத்தில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலில் இறங்கக் கூடாது. லாசரின் அண்ணனை அடக்கம் செய்த அன்று தேசம்மாவின் புருஷன் ஏசுராஜ் இறங்கிவிட்டான். கரையோரம் இறால் குவிந்த நாள். பஞ்சாயத்துத் தலைவர் லாசர். அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, பேசினால் அவர்களுக்கும் அதே கதி என்று தீர்ப்புச் சொன்னார். ஏசுராஜ் செய்தது தப்பு. அதில் இன்றைக்கும் அவருக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கல்லறையில் நின்றபோது அவர் மனசு எங்கே இருந்தது? பாதிரியார் ஜெபம் சொல்கிறார், கூடப்பிறந்தவன் குழிக்குள் இறங்குகிறான், இவரோ தலையைக் குனிந்துகொண்டு, இன்றைக்குப் பார்த்தா இறால் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஏசுராஜ் போனான், இவர் போகவில்லை. அந்த எரிச்சலில் சொன்ன தீர்ப்பு அது. இத்தனை மாதமாக அது அவர் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

எழுந்து தேசம்மா கடைக்கு நடந்தார். கதை கேட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வஞ்சிரம் இன்னா வெல, தேசம்மா?"

"யோவ், புத்தி கெட்டுப் போச்சா? நீ சொன்ன தீர்ப்புய்யா அது!" என்று கத்தினாள் ஜான்சி.

தேசம்மா அவரைப் பார்க்கவேயில்லை. ஜான்சியைப் பார்த்துச் சொன்னாள்: "உன் ஊட்டுக்காரர இட்டுக்கினு போ. என்னாண்ட பேசனா அவரையும் தள்ளி வெக்கணும். அவருதான் சொன்னாரு."

"வெக்கட்டும்," என்றார் லாசர். "அண்ணன் குழியாண்ட நின்னுக்கினு நானும் எறாலத்தான் நெனச்சேன்."

தேசம்மா இப்போதுதான் திரும்பினாள்.

"அத என்னாண்ட ஏன் சொல்ற? எம் புருசன் ஊட்லதான் குந்திக்கினு கீறாரு. போய் அவராண்ட சொல்லு."

ஏசுராஜ் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். தலைவர் வருவதைக் கண்டதும் எழுந்து வழிவிட்டு ஒதுங்கினான். பக்கத்து வீட்டு ராபர்ட்டைத் தேடி வந்திருப்பார் என்று நினைத்து, வாய் திறக்காமல் அந்தப் பக்கம் கைகாட்டினான்.

"உன்னத்தான்டா," என்றார் லாசர். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலிலேயே உட்கார்ந்தார்.