முதுகில் ஒட்டுகளோடு பினாங்கில் ஐந்து நாள்

முட்டி மாற்று அறுவை முடிந்து ஒன்பது மாதமாகியும் என் வலது முட்டி வீங்கியே இருந்தது. மேல்தோலில் தடிப்பு, ஓயாத அரிப்பு. கிருமியும் இல்லை, உள்ளே வைத்த உலோகமும் தளரவில்லை என்று சோதனைகள் சொல்லிவிட்டன. அறுவை செய்த மருத்துவர், "முட்டி நல்லா இருக்கு. நீங்கதான் அதையே நினைச்சிக்கிட்டு இருக்கீங்க" என்றார். மலிவான தோடு போட்டாலே எனக்குக் காது புண்ணாகும். அதை இரண்டு முறை சொன்னேன், அவர் காதில் விழவில்லை. "வயசானா வலிக்கும்லா, சும்மா இரு" என்றார் என் கணவர். எனக்கு ஐம்பத்து மூன்றுதான். போன மார்ச்சில் பினாங்குக்குத் தனியாகக் கிளம்பினேன்.

திங்கள் காலை ஈப்போவில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். அங்கிருந்து தீவுக்கு ஃபெரி, கட்டணம் இரண்டு வெள்ளி. துறையில் இறங்கி கெலுகோர் பக்கம் தோல் மருத்துவரிடம் போக கிராப் டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் தமிழர். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, ஆப்பரேஷன் செய்த இடத்திலேயே காட்டலாமே என்றார். "காட்டினேன் தம்பி. முட்டிய பாத்தாங்க, என்னைப் பாக்கல."

மருத்துவர் இளம்பெண். என் கதையை முழுதாகக் கேட்டார். உலோகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏதோ கரைந்துகொண்டே இருக்குமாம். அது நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் சிலருடைய காவல் அணுக்கள் அதை அந்நியனாக நினைத்துச் சண்டைக்கு வருமாம். எந்த உலோகம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, நிக்கல், கோபால்ட், டைட்டேனியம் என்று வரிசையாக முதுகில் ஒட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது என்றார். பினாங்கு வெயிலில்!

சூலியா தெருவில் ஏர்கான் அறை எடுத்தேன். ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு கீழே போய் நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் சாப்பிட்டேன். புதன்கிழமை ஒட்டுகளைப் பிரித்தபோதே முதுகு எரிந்தது. வெள்ளிக்கிழமை நிக்கல் வைத்த இடம் சிவந்து கொப்பளித்திருந்தது. டைட்டேனியம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்து, "மருந்து போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் மருத்துவர் என்னைத் துள்ள விடவில்லை. "ஆன்ட்டி, தோல்ல வந்தா முட்டியிலயும் அதான்னு நிச்சயமா சொல்ல முடியாது. நிக்கல் ஒத்துக்காத பலபேர் இதே முட்டியோட நல்லா நடக்கிறாங்க."

"நிச்சயம் வேண்டாம் டாக்டர். மனசுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் என்னை அனுப்பிவைத்த எலும்பு மருத்துவர், தங்க நிறப் பூச்சு போட்ட முட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். தங்கம் இல்லை, டைட்டேனியம் கலந்த கடினமான பூச்சு. உலோகம் கரைவதைக் குறைக்கும். கீறல் விழுந்தால் அடியில் இருப்பது பழைய முட்டியில் உள்ள அதே வகை உலோகம்தான் என்பதையும் மறைக்கவில்லை. பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கும் இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம், பலன் தருமென்ற உறுதியும் இல்லை என்றார். யோசித்து வரச் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்டில் அறுவை நடந்தது. கணவரும் வந்தார். உள்ளிருந்து எடுத்த சதையைச் சோதித்ததில் கிருமி இல்லை. காவல் அணுக்கள்தான் கூட்டமாக நின்றிருந்தன. சில வாரங்களில் தடிப்பு போனது, பிறகு வீக்கமும். இன்னும் குந்த முடியாது. ஆனால் இரவில் சொறிந்துகொண்டு விழித்திருப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமையே போய்ச் சேருங்கள், ஒட்டுச் சோதனை ஒரே வாரத்தில் முடியும். உள்ளே என்ன உலோகம் என்று ஆப்பரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோதனை பொய்க்கலாம். தளர்வான பருத்திச் சட்டைகள் போதும். கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் அலர்ஜி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

யாராவது "எல்லாம் மனசு" என்றால், எந்தச் சோதனை அப்படிச் சொன்னது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.