வண்டி நின்றுகொண்டிருந்தது

ரோஸ்லின் அக்கா இறந்துவிட்ட செய்தி நாங்கள் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வந்தபோது, அதோடு ஒரு பொய்யும் சேர்ந்து வந்தது. ஐஸ் வண்டிக்காரர்தான் சொன்னார். "காலடிப்பேட்ட கேம் கட ரோசு ஆஸ்பத்திரில பூட்ச்சாம். கேமுல ஓட்ற மாதிரியே ரோட்லயும் ஓட்டிகினு போயி, கண்டெய்னர் லாரில வுட்டுச்சாம்." சுற்றி இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் கையில் இருந்த இறாலைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். முந்தின நாள் அந்த ரோட்டில் அக்காவின் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவள் நான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அந்தப் பொய்யை நம்பியவர்கள். சிலர் அதைப் பரப்பியவர்கள்.

அக்கா எப்படி ஓட்டுவாள் என்று அவள் கடையில் விளையாடிய எல்லோருக்கும் தெரியும். கார்ப் பந்தயத்தில் எப்போதும் கடைசி. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிப்பாள். எதிரில் லாரி வந்தால் ஓரம் கட்டுவாள். "யக்கா, டவுன் பஸ்ஸே உன்ன ஓவர்டேக் பண்ணிகினு போவுது" என்று பையன்கள் கத்துவார்கள். "போவட்டும்டா. கடேசியா வந்தாலும் என் வண்டில ஒரு கோடு கீதான்னு பாரு" என்பாள். அப்படிப்பட்டவள் வேகமாக ஓட்டிச் செத்தாள் என்று ஊரே சொன்னபோது, தினமும் அவளைக் கிண்டல் செய்த அந்தப் பையன்களில் ஒருவன்கூட அது பொய் என்று சொல்லவில்லை.

முதலில் அவள் வீட்டு முன்னறையில் ஒரே டிவிதான் இருந்தது. திரையை நாலாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு மூலையாக விளையாடுவோம். என் மூலையை எல்லோரும் பார்ப்பார்கள். எங்கே இடிக்கிறேன், எங்கே வழி தவறுகிறேன் என்று பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். ஊமச்சி என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அக்கா அதைக் கவனித்தாள். பழைய கேம் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பெட்டிக்கு ஒரு டிவி. டிவிகளை அறை நடுவில் முதுகோடு முதுகாக வைத்தாள். எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கேபிள் இழுத்து ஒரு ஹப்பில் செருகினாள். இனி நாலு பேரும் ஒரே பந்தயத்தில் ஓடலாம், ஒருத்தி திரை இன்னொருத்திக்குத் தெரியாது. ஆனால் மூன்று கார்கள்தான் வந்தன. நாலாவதைக் கொண்டுவந்தால் வேறொன்று காணாமல் போனது. கேபிளை மாற்றினாள், ஹப்பைத் தட்டினாள், பெட்டி விற்றவனைத் திட்டினாள். பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டுமாம். மறக்காமல் இருக்க, விளையாடுகிற பெண்களின் வீட்டுக் கதவு எண்ணையே கொடுத்திருக்கிறாள். எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். என் வீட்டு எண்ணும் பக்கத்து பிளாக் பர்வீன் வீட்டு எண்ணும் ஒன்று. "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர குட்த்துட்டு, ஒருத்திய காணோம்னு தேடிகினு கீறேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றே ஜோடிப் பந்தயம் வைத்தாள். நானும் அவளும் ஒரு ஜோடி. முன்னால் போகிறவளுக்குத்தான் வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியும். நடு ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்து நான் ஒதுங்கிப் போய்விட்டேன். பின்னால் வந்த அக்கா அதில் நேராக மோதினாள். அவள் வண்டியில் விழுந்த ஒரே கோடு அதுதான். எழுந்து சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீ பாக்குறது எனக்கு எப்டிடீ தெரியும்? உன் டிவி வேற, என் டிவி வேற. வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு" என்றாள்.

அடுத்த ஆட்டத்தில் நான் கத்திய கத்தலில், என்ன ஆயிற்றோ என்று என் அம்மா ஓடி வந்துவிட்டாள்.

போன மாதம் டிவி ஒன்று கெட்டுப்போனது. தண்டையார்பேட்டையில் பழைய டிவி கிடைத்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கிற ரோட்டுக்கு எந்த ஆட்டோவும் வர ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்கூட்டியின் பின்சீட்டில் டிவியை வைத்துக் கயிற்றால் கட்டினோம். எனக்கு இடமில்லை. கேபிள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். டிவி ஆடக் கூடாது என்று அக்கா நடை வேகத்தில்தான் வண்டியை விட்டாள். கண்டெய்னர் யார்டு வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. அக்கா வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நின்றாள். லாரிக்குப் பின்னால் நின்று வழி சொல்ல கிளீனர் இல்லை. ஹாரன் இல்லை. லாரி அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் யார்டு சுவர், மறுபக்கம் லாரி வரிசை. நான் கத்தினேன். அக்காவுக்குக் கேட்டது, திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியவனுக்குக் கேட்கவில்லை.

அவள் வண்டி நின்றுகொண்டிருந்தது. வேகமும் இல்லை, விளையாட்டும் இல்லை. நின்றுகொண்டிருந்தது.

போலீஸ் வந்தபோது யார்டு ஆட்கள் பேசினார்கள், போலீஸ்காரர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் உடைந்த டிவியோடு உட்கார்ந்திருந்த என்னை யாரும் கேட்கவில்லை. அடக்கத்துக்கு யார்டு மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். "பொண்ணு கொஞ்சம் பொறுமையா வந்திருக்கலாம்" என்று அக்காவின் அம்மாவிடமே சொன்னார். கிளீனர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பொட்டப்புள்ளைக்குக் கேம் கடை எதற்கு என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் தெருவில் பாதி வீடுகளுக்குச் சோறு அந்த யார்டிலிருந்துதான் வருகிறது. என் அப்பாவும் அங்கேதான் லோடு தூக்குகிறார். "நமக்கு இன்னாத்துக்கும்மா வம்பு" என்றார். அப்பா நல்லவர். ஆனால் அக்காவும் நல்லவள்தான், அவள் பெயரில்தானே பழியை எழுதி வைத்திருக்கிறார்கள்?

கடையைப் பூட்டிவிட்டார்கள். பெட்டிகள் என்ன ஆகும் என்று தெரியாது, எனக்கு அவை வேண்டாம். அக்கா என்னைத் திட்டிய அந்தத் திட்டு மட்டும் போதும், அதை நான் வைத்துக்கொள்கிறேன். பூசை முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய், நான் பார்த்ததை என் வாயால் சொல்லப் போகிறேன்.

அன்று யார்டுக்கு எதிரே டீக்கடை வாசலில் கிளாஸோடு நின்றவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.