இரண்டாவது ராட்டினம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரம் அலுப்பு வரும். அந்த அலுப்பில் நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கிணற்று வேலைக்கு ஓவர்சியர். நாமக்கல்லுக்கு மேற்கே ஊர் ஊராகப் போய்ப் படிக்கிணறுகளை அடைப்பதுதான் வேலை. அந்தப் பக்கமெல்லாம் நரம்புச் சிலந்தி நோய். நோய் கண்டவன் படியில் இறங்கித் தண்ணீரில் காலை வைத்தால் போதும், புழு அதில் குஞ்சு விட்டுவிடும். அதைக் குடிக்கிறவனுக்கு அடுத்த வருஷம் கால் வீங்கி, புண் உடைந்து, வெள்ளை நூலாகப் புழு வெளியே வரும். அதனால் படிகளைக் கல் வைத்து அடைத்து, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலிருந்தே கயிறு விட்டு இறைக்க ஒரு ராட்டினம் மாட்டிவிடுவோம். நல்ல வேலை. அதில் எனக்குக் கர்வமே உண்டு.

வேலை முடிந்ததும் ஒரு காகிதம் நிரப்ப வேண்டும். கடைசியில் ‘ஊரார் அபிப்பிராயம்’ என்று ஒரு கட்டம். வேலையில் என்ன குறை, அடுத்த ஊரில் எதை மாற்றிச் செய்யலாம் என்று ஜனங்களைக் கேட்டு எழுத வேண்டும். மேலே யாரோ ஒரு நல்ல மனுஷன் யோசித்துச் சேர்த்தது. ஓவர்சியர்கள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

அப்படி ஓர் ஊரில் வேலை முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் ஜனங்களைக் கூட்டினேன். பக்கத்தில் கிராம அதிகாரியான மணியகாரர். இரண்டு மாதமாக அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சேரி ஜனங்கள் கள்ளிவேலிக்கு அப்பால் நின்றார்கள். “ஏதாவது குறை உண்டா?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“ஒரு கொறையும் இல்லீங்க. சனங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோசமுங்க. அப்படியே எழுதிக்கங்க” என்றார் மணியகாரர். எழுதினேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

சைக்கிளில் கிளம்பிச் சேரியைத் தாண்டும்போது ஒரு பெண் வழியில் நின்று கும்பிட்டாள். இடுப்பில் காலிக் குடம். பக்கத்தில் பத்து வயது மகள், அவளிடமும் ஒரு குடம்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. படி இருந்தப்ப உச்சிவெயில்ல ஆருமில்லாத நேரமாப் பாத்து எறங்கி மோந்துக்குவோமுங்க. கண்டும் காணாம உட்ருவாங்க. இப்பக் கவுறு ஒண்ணுதானுங்க. அதெ நாங்க தொடக்கூடாதுன்னுட்டாங்க.”

“அப்புறம் தண்ணிக்கு எங்கே போறீங்க?”

“காட்டுக்குள்ள ஒரு பழைய படிக்கெணறு கெடக்குதுங்க. அங்கதான் போறோம். ஊருக் கெணத்துலயே அக்கட்டுப் பக்கச் செவுத்துல இன்னொரு ராட்டினம் மாட்டி, எங்களுக்குன்னு ஒரு கவுறு உட்டாப் போதுமுங்க. இத எழுதுங்க சாமி.”

அந்தப் படிக்கிணறு என் பட்டியலிலேயே இல்லை. ஊர்க்காரர்கள் அதில் குடிப்பதில்லை, அதனால் என்னிடம் யாரும் சொல்லவில்லை. இன்னொரு ராட்டினம் மாட்டுவது மேஸ்திரிக்கு அரைநாள் வேலை. மிஞ்சின கல்கூடக் கிணற்றடியிலேயே கிடந்தது. ஆனால் திரும்பிப் போய் மணியகாரர் முகத்தைப் பார்த்துச் சேரிக்கு ஒரு கயிறு என்று சொல்ல வேண்டுமே! அவர் சோற்றைத் தின்றுவிட்டு அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வெயில் வேறு, அலுப்பு வேறு. “எழுதறேன், போ” என்றேன்.

எழுதவில்லை. அதற்குப் பிறகு நாலு ஊரில் அதே மாதிரி ஒற்றை ராட்டினத்தோடுதான் கட்டி முடித்தேன்.

மறுவருஷம் பக்கத்து ஊரில் வேலை விழுந்தது. அந்த ஊரையும் எட்டிப் பார்த்தேன். மணியகாரருக்குப் பெருமை தாங்கவில்லை. “ஊருக்குள்ள ஒருத்தன் காலுலயும் புழு இல்லீங்க” என்றார்.

“சேரியில?”

“அவிங்களுக்கு எப்பவும் இருக்கறதுதானுங்களே.”

நேரே சேரிக்குப் போனேன். அந்தப் பெண் குடிசை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புண்ணிலிருந்து வந்த புழுவை அறுந்துவிடாமல் தினம் கொஞ்சமாக இழுக்க, அதன் நுனியை ஒரு குச்சியில் சுற்றியிருந்தாள். மகளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

“அவளுக்குங் கணுக்கால்ல வந்துச்சுங்க. வேலைக்குப் போகோணுமேன்னு அவளே புடிச்சு இழுத்துட்டா. பாதில அறுந்து போச்சு. காலு கருத்து, ஒடம்பு வெறச்சு, நாலாம் நாளு செத்துப் போயிட்டாளுங்க.”

பாவி, நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். “இப்பச் சொல்லும்மா, அப்படியே எழுதிடறேன்” என்றேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்குச் சொன்னதுதானுங்க சாமி. நீங்க எழுதீட்டுப் போயிருக்கறீங்க, ராட்டினம் மாட்ட இன்னைக்கு ஆளு வரும் நாளைக்கு வரும்னு, எம்புள்ளகிட்ட நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”